இருண்ட திரையும் விழித்திருந்த இயந்திரமும்

கடலோரத்து மக்கள் இரும்பை முழுமையாக நம்புவதில்லை. புத்தளம் மாவட்டத்தின் கரையோரமாகக் கற்பிட்டி முதல் சிலாபம் வரை செல்வோர் இதனைக் கண்கூடாகக் காணலாம். கதவின் பிணைச்சல், துவிச்சக்கர வண்டியின் சங்கிலி, கூரைத் தகட்டை இறுக்கிய ஆணி ஆகிய யாவும் வாங்கிய நாளிலிருந்தே துருவுக்கு இரையாகத் தொடங்கிவிடுகின்றன. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, கடல்நீரின் நுண்துளிகளைச் சுமந்தவாறு வீட்டுக்குள் நுழைகின்றது. புத்தளம் களப்பின் ஓரத்து உப்பளங்களிற் பலருக்குச் சோறிடும் அதே உப்புத்தான் இங்கே உலோகங்களின் பகையாகவும் விளங்குகின்றது.

இக்கரையில், கடந்த இருபது இருபத்தைந்து ஆண்டுகளாக, இரும்பினும் மென்மையான ஒரு பொருள் குடிபுகுந்திருக்கின்றது. அது கணனி. அலுவலகங்களிற் கழிக்கப்பட்டவை, கொழும்பிற் பாவித்துப் பழையனவாகி விற்கப்பட்டவை, வெளிநாடு சென்ற உறவினர் விட்டுச் சென்றவை எனப் பலவகையாக அவை வந்து சேர்ந்தன. அவற்றுட் பல ஒருநாள் திரை இருண்டு நின்றுவிடுகின்றன. அன்றே அவை இறந்துவிட்டனவாகக் கருதப்பட்டுப் பழைய இரும்பு வாங்குவோரின் வண்டியில் ஏறுகின்றன. ஆனால், திரை இருள்வதும் இயந்திரம் இறப்பதும் ஒன்றுதானா? ஒரு கருவி இறந்துவிட்டது எனத் தீர்ப்பளிக்கும் உரிமை, அதனை ஆக்கியவருக்கு உரியதா, விற்பவருக்கு உரியதா, அன்றேல் அதனைக் கொண்டு வாழ்பவருக்கு உரியதா? உடப்பில் 2023ஆம் ஆண்டு நிகழ்ந்த சிறியதொரு சம்பவம் இவ்வினாவுக்கு ஓரளவு விடை தருகின்றது.

உடப்பு, கடலுக்கும் களப்புக்கும் இடையே அமைந்த தமிழ்க் கிராமம். திரௌபதை அம்மன் ஆலயத்துத் தீமிதிப்பினாலும் கரைவலைத் தொழிலினாலும் அது பலரும் அறிந்த ஊராயிற்று. கரைவலையை இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் ஒருமித்து விடை கூறிப் பாடும் பாட்டினை அம்பா என்பர். அது பொழுதுபோக்குக்கான பாட்டன்று. இரு கயிறுகளிலும் நிற்கும் பல கைகள் ஒரே கணத்தில் வலிக்க வேண்டும். அக்கணத்தைக் குறித்துக் கொடுப்பதே அம்பாவின் பணி. உழவு இயந்திரத்தோடு பூட்டிய வின்ச் கயிற்றை இழுக்கத் தொடங்கிய கரைகளிற் பாட்டுக்கு வேலை இல்லாமற் போயிற்று. வேலை இழந்த பாட்டு, பாடியவர்களின் முதுமையோடு தானும் மங்கத் தொடங்கியது.

இம்மாற்றத்தைக் கண்டு கவலையுற்றவர்களுள் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவர் முதியவர்களின் வாடிகளில் அமர்ந்து அம்பாப் பாடல்களையும், காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மீனுக்கும் வலையுறுப்புக்கும் அவ்வூரார் வழங்கும் சொற்களையும் கேட்டெழுதி வந்தார். முதலிற் கொப்பிகளில் எழுதினார். பின்னர், பழையதொரு மேசைக்கணனி கைக்கு வந்ததும், இரு விரல்களால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி அதனுட் சேர்த்தார். ஏறத்தாழ பத்தாண்டுக் கால உழைப்பு அது. மழைக்காலமொன்றில் வீட்டினுள் வெள்ளம் புகுந்து கொப்பிகளிற் பெரும்பாலானவை அழிந்துபோனமையால், கணனியிலிருந்த பிரதியே எஞ்சிய ஒரே பிரதியாயிற்று.

அக்கணனியில் லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை, முன்னொரு காலத்தில் உறவினர் ஒருவர் நிறுவிக் கொடுத்திருந்தார். விலை கொடுக்க வேண்டாம் என்பதும் பழைய இயந்திரத்திலும் ஓடும் என்பதுமே அதற்குக் காரணங்கள். அதே உறவினர், திரையின் காட்சிகளை வரைந்து காட்டுவதற்கெனத் தனியே ஒரு வரைகலை அட்டையையும் பொருத்தியிருந்தார். இவ்விரண்டும் பல ஆண்டுகள் ஒற்றுமையாக இயங்கின. 2023ஆம் ஆண்டின் காற்றுக்காலத்தில், இணையவழியாக முறைமை புதுப்பிக்கப்பட்ட மறுநாட்காலை, கணனியை இயக்கியபோது ஆக்கிய நிறுவனத்தின் சின்னம் வழமைபோலத் தோன்றி மறைந்தது. அதன்பின் திரை கறுத்தது. இடப்பக்க மேல்மூலையில் ஒரு சிறு கோடு மட்டும் கண்சிமிட்டிக் கொண்டிருந்தது.

ஆசிரியர் அதனை நகரத்துக் கடையொன்றுக்குக் கொண்டு சென்றார். அட்டை எரிந்துவிட்டது என்றும், இவ்வளவு பழைய இயந்திரத்துக்குச் செலவிடுவது வீண் என்றும், வேண்டுமாயின் வன்தட்டை முழுதாக அழித்து வேறு முறைமை நிறுவித் தரலாம் என்றும் அங்கே கூறினர். புதியது வாங்குவதும் எளிதன்று. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஓர் அமெரிக்க டொலரின் பெறுமதி, அவ்வாண்டின் நடுப்பகுதியில் 350 ரூபாவைக் கடந்துவிட்டமையால், இறக்குமதிப் பொருளான கணனியின் விலை ஓய்வூதியக்காரரின் கைக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றிருந்தது. பழைய கணனியை முச்சக்கர வண்டியில் ஏற்றித் திரும்பிய ஆசிரியர் அதனை மேசைமீது வைத்து, அதன்மேல் ஒரு சீலையைப் போர்த்துவிட்டார்.

அச்சீலையை நீக்கியவன் அவருடைய பழைய மாணவன் ஒருவன். 2013ஆம் ஆண்டு க.பொ.த. உயர்தரத்தில் அறிமுகமான தொழினுட்பப் பிரிவிற் பிற்காலத்திற் பயின்றவன். அப்போது தகப்பனாரோடு சேர்ந்து படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்களைத் திருத்தி வந்தான். கணனியைப் பற்றி அவன் அறிந்தது பெரிதல்ல. ஆயினும் திருத்துதல் என்னும் செயலின் இலக்கணம் அவனுக்குக் கைவந்திருந்தது. ஓர் இயந்திரம் எழும்பவில்லையென்றால், அவனுடைய பட்டறையில் முதலிலேயே அதனைக் கழற்றிப் பரப்புவதில்லை. எண்ணெய் வருகின்றதா என்று பார்ப்பர். பின்னர் பிளக்கிலே பொறி விழுகின்றதா என்று பார்ப்பர். அதன் பின்னரே அழுத்தத்தைச் சோதிப்பர். ஒவ்வொரு சோதனையும் கோளாறு இருக்கக்கூடிய இடத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பதே அவர்களின் முறை.

“எல்லாம் போச்சா, தம்பி?” என்று ஆசிரியர் வினவினார்.

“அப்பிடிச் சொல்லேலாது சேர். முதல்ல எது உயிரோட இருக்குன்னு பாப்பம்” என்று அவன் விடையிறுத்தான்.

எது பழுது என்று கேட்பதற்கு முன், எது பழுதில்லை என்று கேட்டமையே அவனுடைய வெற்றிக்கு அடிகோலியது எனலாம். சின்னம் தெளிவாகத் தோன்றியது. ஆகவே திரையும் கம்பியும் பழுதல்ல, அட்டையும் முற்றாக எரிந்துவிடவில்லை. விசைப்பலகையில் எண்பூட்டு விசையை அழுத்த, அதன் சிறுவிளக்கு எரிந்து அணைந்தது. ஆகவே முறைமையின் உட்கருவான கேர்ணல் விழித்திருக்கின்றது, விசைகளுக்குப் பதிலும் அளிக்கின்றது. கோளாறு இவ்விரண்டுக்கும் இடையில், அதாவது கேர்ணலுக்கும் திரைக்கும் நடுவே நின்று பேசும் ஏதோவொன்றில் இருத்தல் வேண்டும்.

அவ்வாறு நடுவே நிற்பதற்கு இயக்கி மென்பொருள் என்று பெயர். வழக்கில் அதனை ட்ரைவர் என்பர். ஒவ்வொரு வரைகலை அட்டைக்கும் தனக்கேயுரிய மொழி ஒன்று உண்டு. இந்த இடத்தில் இந்த எண்ணை எழுதினால் இந்த நிறம் தோன்றும், இந்த வரிசையிற் கட்டளையிட்டால் திரையின் பருமன் மாறும் என்றவாறு அமைந்த மொழி அது. ஏனைய மென்பொருள்கள் அம்மொழியை அறியா. “ஒரு சாளரத்தை வரைக” என்று அவை பொதுமொழியிற் கூறுவதை அட்டையின் மொழிக்கு மாற்றிக் கொடுப்பதே இயக்கியின் தொழில். கரைவலையில் அம்பாவுக்கு அடியெடுத்துக் கொடுப்பவரின் நிலை இதற்கு ஒப்பானது. கயிறு பிடித்தோர் அனைவரும் வலியவராயிருப்பினும், அடியெடுப்பவர் வாய்மூடிவிட்டால் வலை கரைசேர்வதில்லை.

கொன்ட்ரோல், ஓல்ட் ஆகிய விசைகளோடு எஃப்-3 விசையையும் சேர்த்து அழுத்தியதும் திரையில் வெள்ளெழுத்துகள் தோன்றின. படங்கள் இல்லை, சாளரங்கள் இல்லை. பெயரைக் கேட்கும் ஒரு வரி மட்டுமே நின்றது. வரைகலை அடுக்கு விழுந்தாலும் எழுத்து அடுக்கு நிலைத்திருப்பது லினக்ஸின் இயல்பு. எழுத்துக்கூடத் தோன்றாத வேளைகளும் உண்டு. அப்போது தொடக்கப் பட்டியலில், தெரிவுக்குரிய கட்டளை வரியின் இறுதியில் ‘நோமோட்செட்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால், கேர்ணல் திரையின் அமைப்பைத் தானே மாற்ற முனையாது, எளிய நிலையிலேயே விட்டுவிடும். இங்கு அதற்கும் தேவை ஏற்படவில்லை.

எழுத்துத் திரை கிடைத்ததும் அவன் திருத்த முற்படவில்லை. முதலில் ஒரு பேனாச் சேமிப்பகத்தைச் செருகி, ஆசிரியரின் கோப்புகள் அனைத்தையும் அதிலே படியெடுத்தான். நோயைத் தீர்க்குமுன் உயிரைக் காக்க வேண்டும் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. ஆனால், அப்படியைத் தன் மடிக்கணனியில் திறந்து காட்டியபோது ஆசிரியர் திடுக்குற்றார். பாடல்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் பொருளற்றுச் சிதறிக் கிடந்தன. அவர் தட்டெழுதியது பாமினி எழுத்துருவில். யுனிகோட் முறை பரவுமுன் இலங்கையிற் பெரிதும் வழங்கிய அவ்வெழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடங்களிலே தமிழ் வடிவங்களை வைத்துக் காட்டுவது. எழுத்துரு இல்லாத கணனி, அடியிலுள்ள ஆங்கில எழுத்துகளையே காட்டும். பாமினியை நிறுவியதும் பாடல்கள் தமிழாக மீண்டன.

இது கிளைக்கதையன்று, இயக்கியின் கதையும் இதுவேயாகும். பொருள் அழியவில்லை, பொருளைப் படித்துக் காட்டும் திறவுகோல் மட்டுமே காணாமற் போயிற்று. திறவுகோல் பலரிடமும் இருக்குமாயின் ஒருவர் தொலைத்தாலும் இன்னொருவர் தருவார். ஒருவரிடம் மட்டுமே இருக்குமாயின் அவர் கைவிடும் நாளே பொருளின் இறுதிநாளாகிவிடும்.

கோப்புகள் காப்பாற்றப்பட்ட பின்னர், இளைஞன் பதிவுக் கோப்பைப் படிக்கத் தொடங்கினான். லினக்ஸில் திரையை ஆளும் எக்ஸ் என்னும் அமைப்பு, தான் செய்ய முயன்ற ஒவ்வொன்றையும் நிகழ்ந்த வரிசையில் எழுதி வைக்கின்றது. பிழைகள் இரட்டை ‘ஈ’ எழுத்தால் அடையாளமிடப்பட்டிருக்கும். இறுதிப் பிழையையே காரணமெனக் கொள்வது பலரின் வழக்கம். அங்கே இறுதி வரி, திரை எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை என்றது. அது விளைவேயன்றிக் காரணமன்று. அவன் மேல்நோக்கிச் சென்று முதற் பிழையைத் தேடினான். அட்டையை ஆக்கிய நிறுவனத்தின் இயக்கி காணப்படவில்லை என்று அது கூறிற்று. கணனியின் உறுப்புகளை வரிசைப்படுத்தும் எல்எஸ்பிசிஐ என்னும் கட்டளையும் இதனை உறுதிப்படுத்தியது: அட்டை இருந்தது, அதனைக் கையாளும் இயக்கி எதுவும் இருக்கவில்லை.

நடந்தது இதுதான். அட்டையை ஆக்கியவர்கள் அத்தகைய பழைய அட்டைகளுக்கான தம் இயக்கியைப் புதிய கேர்ணலுக்கு ஏற்பத் திருத்துவதை நிறுத்திவிட்டிருந்தனர். முறைமை புதுப்பிக்கப்பட்டபோது கேர்ணல் முன்னேறியது. இயக்கி பின்தங்கி அகற்றப்பட்டது. அதே அட்டைக்கென வேறு சிலர் எழுதிய திறந்த இயக்கி ஒன்று கேர்ணலோடு கூடவே வந்திருந்தும், அது செயற்படவில்லை. காரணம், நிறுவனத்தின் இயக்கி பல ஆண்டுகளுக்கு முன் நிறுவப்பட்டபோது திறந்த இயக்கியை ஏற்றக்கூடாது என்ற தடைக்கோப்பு ஒன்றும், நிறுவனத்தின் இயக்கியையே பயன்படுத்துக என்ற அமைவுக்கோப்பு ஒன்றும் எழுதப்பட்டிருந்தன. ஆணையிட்டவர் போய்விட்டார், ஆணை மட்டும் நின்றது. இளைஞன் அவ்விரு கோப்புகளையும் அழிக்கவில்லை; பெயரை மாற்றி ஒதுக்கி வைத்தான். தொடக்க நினைவகப் பிம்பத்தைப் புதிதாக ஆக்குமாறு கட்டளையிட்டுக் கணனியை மீள இயக்கினான். சின்னம் தோன்றி மறைந்தது. திரை ஒரு கணம் கறுத்தது. பின்னர் ஆசிரியரின் வழமையான முகப்பு ஒளிபெற்று எழுந்தது.

இத்திறந்த இயக்கிகள் எவ்வாறு தோன்றின என்பது கலைப்பீட மாணவரும் அறியத்தக்க வரலாறு. கட்டற்ற மென்பொருள் இயக்கமே ஓர் இயக்கிப் பிரச்சினையிலிருந்து முளைத்தது எனலாம். 1980ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்துச் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் ஒரு சீரொளி அச்சுப்பொறி அடிக்கடி கடதாசி சிக்கி நின்றது. அதனை இயக்கிய மென்பொருளின் மூலநிரலைத் திருத்த விரும்பிய ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு அது மறுக்கப்பட்டது. 1983ஆம் ஆண்டு அவர் அறிவித்த க்னூ திட்டத்துக்கு அவ்வனுபவமும் ஒரு தூண்டுதலாயிற்று. 1991ஆம் ஆண்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் 21 வயது மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கேர்ணலை வெளியிட்டார். 1984ஆம் ஆண்டு முன்கூறிய மாசசூசெட்ஸ் நிறுவகத்திலேயே தோன்றிய எக்ஸ் சாளர முறைமை லினக்ஸுக்குத் திரையைத் தந்தது. பிரையன் போல் 1993ஆம் ஆண்டு தொடங்கிய மீசா என்னும் நூலகம் முப்பரிமாணக் காட்சியைத் தந்தது.

எனினும் வரைகலை அட்டைகளை ஆக்கிய நிறுவனங்கள் தம் அட்டைகளின் மொழியை நெடுங்காலம் மறைத்தே வைத்தன. ஏஎம்டி நிறுவனம் 2007ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் தன் அட்டைகளின் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. என்விடியா அட்டைகளுக்கோ, ஸ்டீபன் மார்ஷசன் 2005ஆம் ஆண்டளவில் தொடங்கிய நூவோ திட்டம் வேறு வழியை மேற்கொண்டது. அட்டையும் நிறுவனத்தின் இயக்கியும் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் எண்களைப் பதிவுசெய்யும் சிறு நிரலொன்றைப் பலர் தத்தம் வீட்டுக் கணனிகளில் ஓட்டி, விளைவுகளை அனுப்பிவைத்தனர். எந்த எண் மாறும்போது திரையில் எது மாறுகின்றது என்று ஒப்பிட்டு ஒப்பிட்டு அம்மொழி அறியப்பட்டது. 2010ஆம் ஆண்டு வெளிவந்த 2.6.33ஆம் கேர்ணலில் நூவோ இடம்பெற்றது.

1837ஆம் ஆண்டளவில் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்த முறையும் இத்தகையதே. மீண்டும் மீண்டும் வரும் வடிவங்களை ஒப்பிட்டு, தெரிந்ததிலிருந்து தெரியாததை அவர் ஊகித்தார். கல்வெட்டுகளில் வரும் பியதசி என்னும் அரசன் அசோகனே என்பதை, இலங்கையிற் பணியாற்றிய ஜோர்ஜ் டேர்ணர் பாளி நூல்களின் துணைகொண்டு தெளிவுபடுத்தினார். கல்வெட்டு எழுத்தைப் பொறித்தவர் அதனை மறைக்க எண்ணியிலர், காலமே மறைத்தது. அட்டையின் மொழியை மனிதரே மறைத்தனர். மறைத்தவர் எவராயினும் வெளிக்கொணரும் வழி ஒன்றே: பொறுமையோடு ஒப்பிட்டுப் படித்தல்.

உடப்பிலே கதை இத்துடன் முடியவில்லை. சில வாரங்களின் பின் திரையிற் பச்சைக் கோடுகள் தோன்றலாயின. விடியற்காலையில் மிகுதியாகவும், நண்பகலிற் சிறிதாகவும், சில நாட்களில் முற்றாக இல்லாமலும் அவை இருந்தன. திறந்த இயக்கியே குறையுடையது என்று எவரும் எண்ணக்கூடும். இளைஞன் அவ்வாறு எண்ணாமைக்குக் காரணம் ஒன்று உண்டு. கணனியை இயக்கியவுடன் தோன்றும் சின்னத்தின் மீதும் அக்கோடுகள் கிடந்தன. அச்சின்னம் தோன்றும் வேளையில் லினக்ஸ் இன்னும் தொடங்கவே இல்லை. தொடங்காத மென்பொருள்மீது குற்றம் சாட்ட முடியாது. ஆகவே இது வன்பொருளின் நோய். காலையில் மிகுந்து வெப்பம் ஏற ஏறத் தணிவதால், ஈரத்தோடு தொடர்புடைய நோய்.

அட்டையைக் கழற்றியபோது விடை கண்ணெதிரே இருந்தது. தாய்ப்பலகையிற் செருகப்படும் பொன்முலாமிட்ட விளிம்பிற் பசுமை படர்ந்திருந்தது. கறியுப்பாகிய சோடியம் குளோரைட்டு, காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைக் கடக்கும்போது காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும் தன்மையது. கடலோரத்து இரவுகளில் அவ்வளவு ஈரம் அரிதன்று. அட்டையில் தூசியோடு கலந்து படிந்த உப்பு இரவிற் கரைசலாகி மின்னைக் கசியவிடுகின்றது. பொன்முலாமின் நுண்துளைகளினூடே அடியிலுள்ள செம்பை அரிக்கின்றது. பகலில் உலர்ந்து ஒன்றுமறியாதது போலிருக்கின்றது. பள்ளிப் பிள்ளைகள் பாவிக்கும் வெள்ளை அழிறப்பரால் அவ்விளிம்பை மெதுவாகத் தேய்த்து, மதுசாரத்தில் நனைத்த துணியால் துடைத்ததும் கோடுகள் மறைந்தன.

ஆயினும் அடுத்த காற்றுக்காலத்தில் அவை திரும்பும் என்பதை அவன் அறிவான். தாய்ப்பலகையிலேயே எளியதொரு வரைகலைச் சில்லு இருப்பதும், அதற்கான திறந்த இயக்கி கேர்ணலிலேயே இருப்பதும் அவன் கண்ணிற் பட்டிருந்தன. விளையாட்டுகளுக்கு அது போதாது, எழுத்தடிக்கப் போதும். எனவே அட்டையை மீண்டும் செருகாது, திரையின் கம்பியைத் தாய்ப்பலகையின் துளையிலேயே பூட்டினான்.

“அப்ப இந்த அட்டைய எதுக்குத்தான் போட்டாங்க?” என்று ஆசிரியர் கேட்டார்.

“தெரியாது சேர். ஆனா இல்லாத அட்டைக்குத் துரு ஏறாது” என்றான் அவன்.

பட்டறையில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும், எப்போது எண்ணெய் மாற்றப்பட்டது, எந்தத் திருகாணி புதிது என்று எழுதிய மட்டையொன்று ஆணியிற் தொங்கும். அவ்வழக்கப்படி, தான் செய்தவற்றை அவன் சொல்லச் சொல்ல, ஆசிரியர் தம் அழகிய கையெழுத்தில் ஒரு கொப்பியில் எழுதினார். பார்த்தவை, பார்த்த ஒழுங்கு, ஒவ்வொன்றிலிருந்தும் பெற்ற முடிவு, பெயர் மாற்றிய கோப்புகள், அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வழி ஆகிய அனைத்தும் திகதியோடு அதில் இடம்பெற்றன. பாடல் தொகுத்த அதே முறையில், சொன்னவர் யார், சொன்ன இடம் எது என்பதையும் ஆசிரியர் பக்கத்தின் ஓரத்திற் குறித்தார். அதன்பின் அவர் முதலில் மேற்கொண்ட பணி, பாமினியில் இருந்த தொகுப்பை யுனிகோட்டுக்கு மாற்றி மூன்று வேறு இடங்களிற் படியெடுத்து வைத்தமையாகும்.

திறந்திருப்பதால் ஒன்று என்றும் அழியாது என்று முடிவுகட்டிவிடலாகாது. 2022ஆம் ஆண்டு வெளியான மீசா 22.0 பதிப்பிலிருந்து, மிகப் பழைய அட்டைகள் சிலவற்றுக்கான இயக்கிகள் அகற்றப்பட்டு, அம்பர் என்னும் தனிக்கிளையில் ஒதுக்கப்பட்டன. அவற்றைப் பேணுவதற்கு ஆட்கள் குறைந்தமையே காரணம். அதே 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் என்விடியா நிறுவனம் தன் இயக்கியின் கேர்ணற் பகுதியைத் திறந்து வெளியிட்டதாயினும், அது 2018ஆம் ஆண்டு வெளிவந்த டியூரிங் தலைமுறைக்கும் பிந்தியவற்றுக்குமே உரியது. ஆகவே திறந்த நிரலும் மூப்படைகின்றது. வேறுபாடு யாதெனின், அம்பர்க் கிளையை இன்றும் எவரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், ஓட்டலாம். மூடிய நிரலுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அம்பாப் பாடல்களின் நிலையும் இதனின் வேறன்று. எழுதி வைக்கப்பட்டமையால் மட்டும் அவை வாழ்ந்துவிடப் போவதில்லை. எழுதி வைக்கப்பட்டமையால், வாழவைக்க விரும்பும் ஒருவர் நாளை தொடங்குவதற்கு இடமுண்டு.

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10 முறைமைக்கான பொது ஆதரவு முடிவடைந்தது. அடுத்த பதிப்பின் நிபந்தனைகளை நிறைவேற்ற இயலாத இயந்திரங்கள் உலகெங்கும் ஏராளம். பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் வீடுகளிலும் அவற்றைக் கழிப்பதா வைப்பதா என்ற வினா எழுந்துள்ளது. இவ்வேளையில், இருண்ட திரையைக் கண்டவுடன் இறப்புச் சான்றிதழ் எழுதாது, எது விழித்திருக்கின்றது என்று முதலிற் கேட்கும் பழக்கம் பெறுமதி மிக்கது.

ஆசிரியரின் கொப்பியைப் பின்னர் அயற்பாடசாலை ஆசிரியை ஒருவர் இரவல் வாங்கிச் சென்றார். அப்பாடசாலையின் களஞ்சிய அறையிற் கழித்து ஒதுக்கப்பட்டிருந்த கணனிகள் நான்கு. கொப்பியிலிருந்த ஒழுங்கிலேயே அவரும் மாணவரும் ஒவ்வொன்றாகச் சோதித்து, மூன்றனை எழுப்பினர். நான்காவதன் தாய்ப்பலகை உண்மையாகவே எரிந்திருந்தது. எரிந்ததை எவ்வாறு அறிந்தனர் என்பதையும் கொப்பியின் இறுதிப் பக்கத்தில் எழுதிய பின்னரே, அதனை மட்டும் பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்தனர்.